பாதியில் நின்ற குரல்

நான் விவசாயப் போதனாசிரியை. இலங்கை மலைநாட்டில், அகரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்கள் சில என் பொறுப்பில் இருக்கின்றன. தேயிலை என் வேலையில்லை. அதைப் பார்க்கத் தோட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால், ஓடைக்கரையில், தேயிலை பிடுங்கிய சரிவுகளில் தொழிலாளர் குடும்பங்கள் போட்டிருக்கும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், போஞ்சி இவைதான் என் பயிர்கள். அவற்றைப் போட்டவர்களோடு பேசுவதுதான் என் உத்தியோகம். பேசுவதென்றால் லேசான காரியமென்று நினைத்துத்தான் நானும் இதற்கு வந்தேன்.

முதலில் துண்டுப்பிரசுரம் கொடுத்துப் பார்த்தேன். "பீடைநாசினிப் பிரயோகத்தின்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு நடைமுறைகள்" என்று மேலே போட்டிருக்கும். ஒரு அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னா பாஷ மிஸ்?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். லயத்தில் அதற்குப் பெயர் மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், செடிக்கு அடிப்பதும் மருந்துதான்.

அப்புறம் புள்ளகாம்பராவில் வகுப்பு வைத்தேன். பகலில் குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அறை அது. பின்னேரம் அதன் தரையில் பெண்கள் வந்து உட்காருவார்கள். கொழுந்து எடுத்து, மழையில் நனைந்து, காலில் அட்டை கடித்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தலைகள் சாயும். அவர்களை எழுப்ப எனக்கு மனது வராது.

அதனால்தான் போனில் ஒரு குழு வைத்துக் குரல் அனுப்பத் தொடங்கினேன். நானும் லயத்தில் பிறந்தவள். புத்தகத் தமிழை விட்டுவிட்டு எங்கள் பேச்சிலேயே, "அக்காமாரே, அண்ணமாரே, மிஸ் பேசுறேன்" என்று ஆரம்பித்து, இந்த வாரம் மழை எப்படி, கிழங்குக்கு மண் எப்போது அணைக்க வேண்டும், பூச்சி எந்த இலையின் அடியில் இருக்கும் என்று சொல்வேன். சோறு ஆக்கும்போது அடுப்புப் பக்கத்தில் போனை வைத்துக் கேட்டார்கள். குழுவில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். நான் போகாத தோட்டங்களிலிருந்தும் சேர்ந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு பின்னேரம் லயத்தின் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தேன். அன்று காலையில் அனுப்பிய பேச்சு ஒரு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டிலும் ஓடியது, கொஞ்சம் பிந்தி. அதற்கடுத்த வீட்டில் இன்னும் பிந்தி. நான் ஒரு வாக்கியத்தை முடிக்கிற இடத்தில் இன்னொரு நான் அதையே தொடங்கிக்கொண்டிருந்தேன். கதவுகள் திறந்திருந்தன. உள்ளே இருந்தவர்கள் போனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வாசலைத் தாண்டிப் போகிற என்னை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் போகத்தில் பனி மலையை விட்டு இறங்கவேயில்லை. காலையில் வந்து மத்தியானம் விலகும் பனிதான் இங்கே வழக்கம். அந்த முறை அது விலகவில்லை. துணி காயவில்லை, சுவரில் பூஞ்சணம் பிடித்தது. கிழங்குச் செடிகளின் அடி இலைகளில் எண்ணெய் பட்ட மாதிரி ஒரு கறை விழுந்து, மறுநாள் அது கறுப்பாகி, அதற்கு மறுநாள் செடியே வெந்த கீரை போலச் சாய்ந்தது. கருகல் என்பார்கள். ஒரு காணியில் வந்தால் காற்றே அதை அடுத்த காணிக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சரிவு முழுக்கப் போய்விட்டது என்று செய்தி வந்தது. அழுகிய செடியின் நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது.

எனக்குக் கேள்விகள் வந்து குவிந்தன. எல்லாக் கேள்வியும் ஒன்றுதான்: இருக்கிற மருந்தையெல்லாம் சேர்த்து அடித்தால் என்ன? கருகலுக்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள். பூச்சிக்கு இன்னொன்று. அதில் எங்கிருந்தோ வந்த பழைய போத்தல்களும் இருந்தன, லேபிள் சுரண்டப்பட்டவை. அவற்றில் என்ன இருந்ததென்று கொடுத்தவருக்கே தெரியுமோ என்னவோ.

நான் ஒரு பேச்சு அனுப்பினேன். நிதானமாக, அவர்கள் மனதில் ஓடுவதையே முதலில் சொல்லி, பிறகு மறுப்பதுதான் நல்ல முறை என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தேன். "கருகலுக்கு ஒரு மருந்து இருக்கு, பூச்சிக்கு ஒரு மருந்து இருக்கு. மழ இப்படி விடாம பேஞ்சா ஒண்ணு மட்டும் போதாதுன்னு தோணும். ரெண்டையும் ஒண்ணா கலந்து கொஞ்சம் கூடுதலாவே அடிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உசுருக்கே ஆபத்து."

இரண்டு நாள் கழித்து என் பொறுப்பிலிருந்த ஒரு தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வளைவில் திரும்பியதுமே மூக்கில் நெடி ஏறியது. மருந்து நெடி எனக்குப் புதிதில்லை. ஆனால் இது தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. ரோட்டோர வடிகால் கானுக்குள் ஒரு நாய் படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்துத்தான் கடந்தேன். அதன் வாயைச் சுற்றி நுரை இருந்ததை நாலு எட்டு தள்ளிப் போன பிறகுதான் மனது எடுத்துச் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். அது அசையவில்லை.

கடைசி லயத்தில் ஓர் அக்கா இருந்தார். குழுவில் முதலில் சேர்ந்தவர் அவர்தான். போன் இல்லாத வீடுகளுக்கு என் பேச்சைத் தன் போனில் போட்டுக் காட்டுவார். அவர் புருஷன் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, தன் காணிக்கும் மற்றவர்கள் காணிக்கும் மருந்து அடிப்பவர். அன்று அக்காவுக்குக் கொழுந்து வேலை இல்லை போல, வீட்டு முன் இஸ்தோப்பில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ். நீங்க சொன்ன மாதிரியேதான் செய்றோம். அவரு மேல அடிச்சிக்கிட்டு இருக்காரு."

"நான் என்ன சொன்னேன் அக்கா?"

"ரெண்டையும் கலந்துதான். நேத்துலருந்து எல்லார் காணிக்கும் அடிக்கிறாரு. சாப்பிடக்கூட எறங்கல."

"நான் கலக்கச் சொல்லலையே."

அக்கா சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். போனை எடுத்து அழுத்தினார். காணியில் நான் நிற்கிற படம் ஒன்று வந்தது, அதன் மேல் என் குரல். "கருகலுக்கு ஒரு மருந்து இருக்கு, பூச்சிக்கு ஒரு மருந்து இருக்கு." எனக்கே நம்பிக்கை வருகிற குரல். "ரெண்டையும் ஒண்ணா கலந்து கொஞ்சம் கூடுதலாவே அடிக்கலாம்." அங்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"இது ஒங்க கொரல்தானே மிஸ்?"

"என் கொரல்தான்" என்றேன். வேறென்ன சொல்வது.

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. லயத்துக்குப் பின்னால் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் இருவரும் போனோம். பனிக்குள் டாங்கியின் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இடையிடையே தடுமாறியது. பிறகு நின்றது. அக்கா கூப்பிட்டார். பதில் இல்லை.

கிழங்குப் பாத்திக்கு நடுவே அவர் குந்தியிருந்தார். டாங்கி இன்னும் முதுகில் இருந்தது. அதன் அடி ஒழுகி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை கொட்டியது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது, அதைத் துடைக்க வேண்டுமென்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நான் குனிந்து கண்ணைப் பார்த்தேன். கண்மணி ஊசி முனையளவு சுருங்கிப் போயிருந்தது.

"பனி ரொம்ப எறங்கிருச்சு மிஸ்," என்றார் மெதுவாக. "ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

என் கையில் இருந்த சிலிசிலி பிளாஸ்டிக் பைகளை நானும் அக்காவும் கைகளில் மாட்டிக்கொண்டு டாங்கியைக் கழற்றினோம், சட்டையைக் கிழித்தே எடுத்தோம். கீழே தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரிலும் சோப்பிலும் முதுகைக் கழுவினோம். அக்கம்பக்கத்தார் ஓட்டோ பிடித்து வந்தார்கள். மருந்துப் போத்தலைக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். போத்தலைக் கட்டி அக்கா மடியில் வைத்தேன். லேபிள் இல்லாத போத்தல். நானும் ஏறப் போனேன். அப்போதுதான் பீலி கண்ணில் பட்டது.

அந்த லயத்துக்குக் குடிதண்ணீர் பீலியிலிருந்துதான் வருகிறது. மேலே ஓடையிலிருந்து திறந்த வாய்க்கால், கிழங்குக் காணிகளின் ஓரமாகவே இறங்கி வந்து, குழாயில் கொட்டும். நேற்று முழுக்க அந்தக் காணிகளில்தான் அடித்திருந்தார். இரவு மழையும் பெய்திருந்தது.

"நீங்க போங்க அக்கா, நான் பின்னால வர்றேன்," என்றேன். ஓட்டோ போனது.

எனக்குத் தெரிந்த வேகமான வழி ஒன்றுதான். அந்த இடத்திலேயே நின்று, பீலித் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று பேசிக் குழுவுக்கு அனுப்பினேன். கேட்டதற்கான அடையாளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பீலியடியில் ஒரு பெண் குடம் வைத்திருந்தார். இடுப்பில் செருகியிருந்த போனிலிருந்து என் குரல் வந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பினார்.

கிட்டப் போய், "அந்தத் தண்ணிய ஊத்திருங்க," என்றேன்.

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். கோபம் ஒன்றுமில்லை, களைப்புத்தான். "முந்தாநாளு கலந்து அடிங்கன்னீங்க. இன்னிக்குத் தண்ணி குடிக்காதங்கறீங்க. நாங்க எந்த மிஸ்ஸ நம்புறது?"

வாய்க்கால் ஓரமாக மேலே நடந்தேன். அவரும் என்ன நினைத்தாரோ, குடத்தோடு பின்னால் வந்தார். வாய்க்கால் வளைகிற இடத்தில் தவளைகள் வயிறு மேலே தெரிய மிதந்து ஒதுங்கியிருந்தன. சிறியவை, பெரியவை. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். குடத்தைச் சாய்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துச் சுருட்டி, கீழே இறங்கிப் போய் பீலியின் வாயில் அடைத்தார்.

அதன் பிறகு நான் போனைத் தொடவில்லை. வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பெண்ணும் கூட வந்தார். நான் சொல்வதை விட அவர் சொன்ன "தவளையெல்லாம் செத்துக் கெடக்கு" என்பதுதான் ஆட்களை எழுப்பியது. தோட்டத்து கிளாக்கர் முதலில் நம்பாமல், பிறகு பயந்து, ஃபெக்டரித் தண்ணீரை டிராக்டரில் ஏற்றி அனுப்பினார். சில பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். தண்ணீராலா, பயத்தாலா, யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

பின்னேரம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். போத்தலை மோந்து பார்த்தே டாக்டர் ஊசி போடத் தொடங்கிவிட்டதாக நர்ஸ் சிங்களத்தில் சொன்னார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் போய்விட்டார். அக்கா வராந்தா வாங்கில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். கையில் போன்.

"நான்தான் மிஸ்," என்றார்.

"என்னது அக்கா?"

"குரூப்ல இல்லாதவங்களும் கேக்கட்டும்னு ஒங்க படத்தப் போட்டு ஸ்டேட்டஸ்ல ஏத்துனேன். நீட்டா இருந்தா அது பாதியில வெட்டிருமாம். இப்பத்தான் இங்க ஒரு தம்பி சொன்னுச்சு."

"நீங்க முழுசா கேக்கலையா?"

"உல கொதிச்சிக்கிட்டு இருந்திச்சு. நீங்க பேசுனா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே போட்டேன்." சேலை முந்தியைப் பிழிந்துகொண்டே, "அத அவரு பக்கத்து வீட்டு போன்லதான் கேட்டிருக்காரு. எங்கிட்ட வந்து, மிஸ்ஸே சொல்லிட்டாங்கன்னு சொன்னாரு. நானும் ஆமான்னேன்."

அக்கா அழவில்லை. போனை என் பக்கம் நீட்டினார், நான் அதை எங்கேயாவது கொண்டுபோய்விட வேண்டும் என்பது போல. போனில் மிஞ்சியிருந்த அந்தப் பாதிப் பேச்சை அழித்துக் காட்டினேன். அதைப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர், அதை யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்பதை அந்தப் போன் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அக்காவின் புருஷன் பிழைத்து வந்தார். கை நடுக்கம் நிற்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். போய்ப் பார்த்தபோது என்னை உட்காரச் சொல்லி, "ஒங்க கொரல் கேட்டதாலதான் மிஸ் தைரியமா அடிச்சேன். இல்லாட்டி அந்தப் போத்தல நான் தொட மாட்டேன்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அக்கா இன்னும் குழுவில் இருக்கிறார். ஆனால் யாருக்கும் எதையும் போட்டுக் காட்டுவதில்லை.

மேலிடத்தில் குரல் அனுப்புவதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் போத்தல் விற்கிறவர்களின் குரல் மட்டும்தான் மிஞ்சும் என்றேன். சரி, கவனமாகச் செய் என்றார்கள். என் பழைய பேச்சுகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் வெட்டினால் என்னவாகும் என்று பார்ப்பதற்காக. எங்கள் பேச்சில் வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும். கூடாது, முடியாது, நம்பாதே எல்லாம் கடைசியில்தான். அதற்கு முன்னால் வருவதெல்லாம் சம்மதம் மாதிரியே ஒலிக்கிறது. கேட்கக் கேட்க, ஒவ்வொரு பேச்சுக்குள்ளும் ஒரு விஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இப்போது நான் அப்படிப் பேசுவதில்லை. "கூடாது" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் எது என்று சொல்கிறேன். கேட்க விறைப்பாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

திருத்திச் சொன்ன பேச்சையும் அனுப்பினேன். அது என் குழுவைத் தாண்டிப் போகவில்லை. செய்யலாம் என்பதை மற்றவர்களுக்கு அனுப்புகிறவர்கள், செய்யாதே என்பதை அனுப்புவதில்லை.

அடுத்த போகத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. நீல பீப்பாய் ஒன்று, விளிம்பு வரை பால் நிறத் தண்ணீர். கீழே, "மிஸ், நீங்க சொன்ன மாதிரி கலந்தாச்சு. மழை விட்டதும் அடிக்கப் போறோம். எத்தன தடவ அடிக்கணும்?" எந்த இடம் என்று கேட்டேன். பட்டிப்பொல என்று வந்தது. அடிக்க வேண்டாம் என்று எழுதினேன். அது போய்ச் சேரவில்லை. கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. நானுஓயா போய் முதல் ரயிலில் ஏறினேன்.

பட்டிப்பொலையில் இறங்கியபோது நிலையத்தின் மறுகோடி தெரியாத அளவுக்குப் பனி. படத்தைக் காட்டிக் காட்டி விசாரித்துக் காணியைக் கண்டுபிடித்தேன். பீப்பாய் ஒரு தகரத்தால் மூடியிருந்தது. பக்கத்தில் ஒருவர் நின்றார், நடுவயது, தலையில் கம்பளித் தொப்பி. நான் யார் என்று சொன்னேன். ரயில் குளிரில் என் தொண்டை கட்டியிருந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த மிஸ்ஸா நீங்க? அவங்க கொரல் இப்படி இருக்காதே."

போனை எடுத்துப் போட்டார். என் குரல், இளமையாக, உறுதியாக, அந்தக் காணி முழுக்கக் கேட்டது. நின்றது. அதற்கப்புறம் நான் சொன்னது என்னவென்று அவரிடம் சொன்னேன். கை நடுங்குகிற ஒருவரைப் பற்றிச் சொன்னேன். கானுக்குள் கிடந்த நாயைப் பற்றியும் சொன்னேன். அவர் நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு தூரம் வந்து ஒருத்தி நடுங்கிக்கொண்டு நிற்பதை அவரால் தள்ளிவிட முடியவில்லை.

"ஊத்திறவா?"

"கான்ல ஊத்தாதீங்க அண்ணே. தண்ணி ஓடாத எடமா பாத்துக் குழி வெட்டணும்."

மேட்டில் ஓர் இடம் பார்த்தோம். அவர் மண்வெட்டியால் வெட்டினார், நான் மண்ணை ஒதுக்கினேன். ஈர மண் கனமாக வந்தது. இடுப்பளவு இறங்கியதும் அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"இது இன்னும் எத்தன பேருகிட்ட இருக்கு மிஸ்?"

"தெரியாது."

"எனக்கு வெலிமடப் பக்கத்துலருந்து ஒருத்தர் அனுப்புனாரு. அவருக்கு யாரு அனுப்புனாங்களோ. நானும் ரெண்டு மூணு பேருக்கு அனுப்புனேன்."

"யாருக்கு?"

அவர் சொல்ல வாயெடுத்தார். அப்போது ஓடைக்கு அப்பால், பனிக்குள் எங்கேயோ, மருந்து அடிக்கிற மெஷின் ஒன்று உறுமித் தொடங்கியது. யாருடைய காணி என்று தெரியவில்லை. என்ன அடிக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. அவர் மண்வெட்டியைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு மேலே ஏறினார். சத்தம் வந்த திக்கை நோக்கி இருவரும் நடக்கத் தொடங்கினோம்.